செலிக்குப் பின்னால் நடந்த வீடு

செலி பள்ளிக்கூடம் போன முதல் நாள் அவளுடைய வீடும் பின்னாலேயே போயிற்று. இரண்டு அறைப் பலகை வீடு, தகரக் கூரை, நீலச் சன்னல்கள். அடியில் இருந்த நான்கு கற்களை விட்டு இறங்கி, சந்து வழியாக வந்து, கோழிகளுக்கு வழிவிட்டு, ரோட்டில் ஒரு மினிபஸ் போகும்வரை ஓரமாக நின்று, பிறகு கடந்து, பள்ளி மைதானத்தில் பாதாம் மரத்தடியில் உட்கார்ந்தது. வீடு ரோட்டைத் தாண்டி வராது என்று நம்பிச் செலியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்த அவளுடைய அம்மா ஒலிம்பியா ரேஜி, பிள்ளைகளெல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்து வாய் பிளந்து நிற்பதைக் கண்டுதான் திரும்பினாள். திரும்பியதும் அவள் முதலில் செய்தது, உள்ளே ஓடி அடுப்பை அணைத்தது; வாழைக்காய் அடிப்பிடிக்கும் பதத்தில் இருந்தது. லாமெர்சித் தீவில் அந்த வருஷம் அதிகம் பேசப்பட்ட விஷயங்களில் இது இரண்டாவது. முதலாவது மாவு விலை.

தலைமை ஆசிரியை மிஸ் காதோகன் பொறுமைசாலி. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். வீடு காலையில் செலியோடு வந்தது, மணி அடித்ததும் செலியோடு போனது, யாருக்கும் தொந்தரவு தரவில்லை. ஆனால் அது உட்கார்ந்த இடம் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும் இடம். போதாததற்கு, செலி கணக்குத் தெரியாமல் அழுதால் சன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை மிஸ் காதோகன் ஒலிம்பியாவைக் கூப்பிட்டார். "மிஸஸ் ரேஜி, தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணுக்குத்தான் அட்மிஷன் போட்டிருக்கேன். வீட்டுக்குப் போடல." ஒலிம்பியா தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். பின்னால் வீடு வந்தது. மதில்மேல் உட்கார்ந்திருந்த பெரிய வகுப்புப் பையன்கள், "ஏ செலி, உங்க வீட்டுக்கு மூக்கு ஒழுகுது, துடைச்சு விடு!" என்று கத்தினார்கள். கூரை ஓரத்திலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது உண்மைதான்.

வீடு இப்படி ஆனதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை, ஏனென்றால் தப்பு எல்லோருடையது. லாமெர்சியில் வீடு நம்முடையது, நிலம் எஸ்டேட்டுடையது. போ என்று எஸ்டேட் சொன்னால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஊரைக் கூப்பிட்டு, ஒரு பெரிய பானை ஏற்றி, ரம் வைத்து, தென்னந்தடிகளை உருளையாகப் போட்டு, பாட்டுப் பாடிக் கயிறு பிடித்து இழுப்பார்கள். இதில் ஒரே ஒரு கட்டாயம்: இழுக்கும்போது வீடு காலியாக இருக்கக் கூடாது. சொந்தக்காரர் உள்ளே விளக்கேற்றி உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தன்னைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று வீடு நினைத்துவிடும். ஒலிம்பியாவின் வீட்டை இழுத்த அன்று ஆள் குறைவு. அவள் புருஷன் உல்லாசக் கப்பலில் சமையல்காரன். எந்தக் கடலில் இருந்தானோ. அவளோ பிறத்தியார் இழுக்கத் தான் ராணி மாதிரி உட்கார்ந்துவரக் கூடியவள் அல்ல. அவளும் கயிற்றைப் பிடித்துவிட்டாள். பாட்டெடுத்துக் கொடுத்து இழுப்பை நடத்தியவர் ஹிலாரியன், செலிக்கு ஞானத்தகப்பன். அதனால் ஒலிம்பியா அவரைக் கூப்பிடுவது கொம்பே, அவர் இவளைக் கூப்பிடுவது கொம்மே. உள்ளே ஆள் உண்டா என்று அவர் கேட்டபோது உண்டு என்று யாரோ சொன்னார்கள். பொய்யில்லை. கட்டிலில் ஆறு மாதச் செலி தூங்கிக்கொண்டிருந்தாள். வீடு அவளைத்தான் சொந்தக்காரியாக எடுத்துக்கொண்டது. பிள்ளை தவழ்ந்தபோது வீடு விரல் அகலம் நகர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. நடக்கத் தொடங்கிய பிறகு கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

திரும்ப ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம் என்று ஹிலாரியன் சொன்னார். பிள்ளையைக் கொல்லைப்புறத்தில் நகராமல் உட்காரவைத்துவிட்டு, ஒலிம்பியாவை உள்ளே உட்காரவைத்து, ஊரே சேர்ந்து இழுத்தது. வீடு இம்மியும் அசையவில்லை. கயிறு அறுந்து ஹிலாரியனுக்கு ஒரு பல் போனது. அதோடு அந்த யோசனை முடிந்தது. அதன் பிறகு வீடு எங்கே கிளம்பினாலும் ஒலிம்பியா அதில் ஏறியதே கிடையாது. அவளுக்கு அதற்கு நேரமில்லை. முன்னால் ஓடிக் குழந்தைகளையும் கோழிகளையும் விலக்க வேண்டும், பின்னால் ஓடி யாருடைய சேம்புப் பாத்தி நசுங்கியது என்று பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

செயின்ட் ஓடில் நாட்டில் இருப்பது இரண்டே தீவு. மந்திரி, கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாம் பெரிய தீவில். லாமெர்சியில் ஜாதிக்காயும் காற்றும். சட்டம் மட்டும் இரண்டுக்கும் பொது. ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோர் தலைமைக் கல்வி அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். தங்களுக்குத் தகுதி இருப்பதைக் காட்ட வேண்டும். என்ன பாடம், எந்த நேரம் என்று எழுதித் தர வேண்டும். பாடம் நடக்கும் இடத்துக்கு நிலையான விலாசம் இருக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் அங்கே வந்து பார்ப்பார். வருஷ முடிவில் பிள்ளை பரீட்சை எழுதியாக வேண்டும். எது தவறினாலும் அனுமதி ரத்து. அனுமதியும் இல்லாமல் பள்ளிக்கூடமும் சேர்க்காத பிள்ளை பெரிய தீவில் அரசாங்க விடுதிக்குப் போக வேண்டும். சட்டம் அதைத் தண்டனை என்று சொல்லவில்லை, ஏற்பாடு என்று சொன்னது. தபால் நிலையத்துப் பெண் இதையெல்லாம் வாசித்துக் காட்டியபோது ஒலிம்பியாவின் காதில் விழுந்தது விடுதி என்ற வார்த்தை ஒன்றுதான். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்குவது கஷ்டமாயிற்று.

அவள் பள்ளிக்கூடத்தை விட்டது பதினோரு வயதில். கையில் இருந்த சான்றிதழ்கள் இரண்டு: ஒன்று ஞானஸ்நானம், மற்றது தையல். இரண்டையும் அனுப்பினாள். கூடவே பங்குச் சாமியார் ஒரு கடிதம் கொடுத்தார். ஒலிம்பியாவின் புருஷனைவிட அவள் வீடு ஒழுங்காகப் பூசைக்கு வருகிறது என்று அதில் எழுதியிருந்தார். பெரிய தீவு யோசித்துவிட்டு, தற்காலிக அனுமதி கொடுத்தது. வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றது. அப்படியே நான்கு வருஷம் ஓடியது. வருஷக் கடைசியில் மிஸ் காதோகனே வீட்டுக்கு வந்து பரீட்சை வைத்தார். இன்ஸ்பெக்டராக இருந்த பெரியவர் வீட்டுக்குள் வந்து, கொக்கோ குடித்து, செலியை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிவிட்டுப் போனார். ஒலிம்பியா காலையில் சொல்லிக்கொடுக்க வேண்டியதை முந்தின நாள் மாலையில் கடைக்காரி மகளிடம் போய்த் தான் கற்றுக்கொண்டு வந்தாள். வகுத்தல் அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. மீதி வந்தால் அதை என்ன செய்வது என்று அவளுக்கு எப்போதும் ஒரு பயம்.

ஆனால் இன்னொரு பயத்துக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. விலாசம் என்று எழுதிக்கொடுத்த இடத்தில் வீடு இருக்க வேண்டுமே. செலி தண்ணீர்க் குழாய்க்குப் போனால் வீடு குழாய்க்குப் போனது. கடற்கரைக்குப் போனால் மணலில் புதைந்து நின்றது. இன்ஸ்பெக்டர் எந்த வாரம் வருவார் என்று தெரியாததால் ஒலிம்பியா எல்லா வாரமும் பிள்ளையை முற்றத்துக்குள்ளேயே வைத்தாள். ஆட்டுக்குக்கூட அதைவிட நீளக் கயிறு உண்டு. செலி சன்னலில் முகவாயை வைத்துக்கொண்டு, சீருடைப் பிள்ளைகள் மழையில் நனைந்து சிரித்துக்கொண்டு போவதைப் பார்ப்பாள். "மம்மா, அந்த வளைவு வரைக்கும் மட்டும் போய்ட்டு வரட்டா?" "இன்னிக்கு வேண்டாம்டா கண்ணு." "நேத்தும் இதையேதான் சொன்னே." "நேத்தும் வேண்டாந்தான்." பிள்ளையைத் தன்னிடமிருந்து பறித்துவிடக் கூடாது என்பதற்காகத் தானே அவளை அடைத்து வைத்திருப்பது ஒலிம்பியாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே செய்தாள். வேறு வழி தெரியவில்லை.

செலிக்கு ஒன்பது வயதானபோது பழைய இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் மிஸ்டர் ப்ரோஸ்பர். படகு ஒத்துக்கொள்ளாதவர்; லாமெர்சித் துறையில் இறங்கும்போதே முகம் பச்சை வாழைக்காயாக இருந்தது. அவர் வந்த காலையில் ஒரு ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, செலி அதன் பின்னால் ஓடினாள், வீடு செலியின் பின்னால் ஓடியது, ஒலிம்பியா எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடினாள். திரும்பி வந்தபோது மிஸ்டர் ப்ரோஸ்பர் நான்கு கற்களில் ஒன்றின்மேல் கைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடு வந்து பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றது. அவர் எழுந்து இடம் விட்டார். அது ஏறி உட்கார்ந்தது.

"அம்மா, நான் ஒரு மணி நேரமா இங்கே உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

"ஆடு ஓடிருச்சுங்க ஐயா."

"ஆடு ஓடலாம். ஆட்டுக்குச் சட்டம் இல்ல. விலாசத்துல வீடு இல்லேன்னா நான் என்னன்னு எழுதுறது?"

"வந்துருச்சுங்களே."

"நான் வந்தப்ப இல்லியே." அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் ஒலிம்பியாவை இன்னும் பயமுறுத்தியது. கெட்டவராக இருந்தால் திட்டியாவது இருக்கலாம். மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது: இந்த வருஷப் பரீட்சையைப் பிள்ளை பெரிய தீவுக்கு வந்து, தலைமை அதிகாரி முன்னால் எழுத வேண்டும். வராவிட்டாலோ தவறினாலோ அன்றே விடுதி.

லாமெர்சி முழுக்க அந்த உத்தரவைப் பற்றிப் பேசியது. செலி கப்பலேறினால் வீடு என்ன செய்யும் என்பதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. தரையில் நடக்கும் வீடு கடலில் நடக்குமா என்று யாரும் பார்த்ததில்லை. புறப்படும் நாள் காலையில் ஹிலாரியன் மூன்று கயிற்றால் வீட்டைச் சீமைப்பலா மரத்தோடு கட்டினார். முடிச்சு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இதை அறுக்கணும்னா எசமான் கடவுளே வரணும், கொம்மே" என்றார். ஒலிம்பியா செலிக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, சுட்ட அப்பமும் உப்புக்கருவாடும் பொதிந்து எடுத்துக்கொண்டாள். மூவரும் துறைக்குப் போய்ப் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். படகு சங்கு ஊதியதும் துறையில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் விலகுவது தெரிந்தது. நடுவில் வீடு வந்தது. மூன்று கயிறும் பின்னால் இழுபட்டு வந்தன. ஒன்றின் நுனியில் சீமைப்பலாக் கிளை ஒன்று காயோடு தொங்கியது. வீடு துறை ஓரத்துக்கு வந்து, தண்ணீரில் முன்படியை வைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டு நின்றது.

"வீட்டுக்கெல்லாம் டிக்கெட் கிடையாது!" என்று கப்பித்தான் மேலிருந்து கத்தினார்.

செலி கம்பியைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். "மம்மா, அது முங்கிடும்! நான் இறங்கறேன், விடு, நான் இறங்கறேன்!" இறங்கினால் பரீட்சை போயிற்று, பிள்ளை போயிற்று. இறங்காவிட்டால் வீடு போயிற்று. ஒலிம்பியா அப்பப் பொட்டலத்தை ஹிலாரியன் கையில் திணித்தாள்.

"கொம்பே, பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் கையை விடாதீங்க."

"நீ எங்க போறே? பைத்தியமா உனக்கு? நீச்சல்கூடத் தெரியாது."

"காலி வீட்டைக் கடல்ல விடச் சொல்றீங்களா?"

ஹிலாரியன் செலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் அவர் ஊருக்குச் சொன்ன சட்டம் அது. ஒலிம்பியா படகிலிருந்து துறைக்குத் தாவி, முன்படியில் கால் வைத்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் விளக்கை ஏற்றினாள். படகு நகர்ந்தது. வீடு ஒரு முறை முனகிவிட்டுக் கடலில் இறங்கியது.

அது மிதந்தது. நல்ல பலகை. ஆனால் தரைப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. ஒலிம்பியா சோற்றுப் பானையால் மொண்டு மொண்டு சன்னல் வழியாக ஊற்றினாள். நடுக்கடலில் அலை பெரிதானபோது அலமாரியிலிருந்த தட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்து உடைந்தன. அவளுக்குச் சாகிற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம், வகுத்தலில் மீதி வந்தால் பிள்ளை என்ன செய்வாள் என்பது. தான் சொல்லிக்கொடுத்த விதம் தப்பாக இருந்தால்? கடைக்காரி மகளுக்கே சரியாகத் தெரியாமல் இருந்தால்? பானையால் மொள்ளும் தாளத்துக்கு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள், பிறகு எட்டாம் வாய்ப்பாட்டை, பிறகு அருள்நிறை மரியே. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இதற்குமேல் முடியாது என்பதுபோல நின்றபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை வருசமா நிழல் மாதிரி அவ பின்னாடி அலைஞ்சியே, இப்ப நடுவுல நிக்கிறியா? வெக்கமா இல்ல உனக்கு? நட!" என்று சுவரில் ஓங்கி அறைந்தாள். பிறகு அறைந்த இடத்தைக் கையாலேயே தடவிக் கொடுத்தாள். "போ தாயி. நான் இருக்கேன்ல." வீடு நிமிர்ந்தது. பெரிய தீவுவரைக்கும் பிறகு நிற்கவேயில்லை.

சுங்கச் சாவடிக்குப் பக்கத்து மணலில் அது கரையேறி, எல்லா இடுக்கிலிருந்தும் தண்ணீர் கொட்ட நின்றது. கல்வி அலுவலகம் மேட்டில் இருக்கிறது. ஹிலாரியன் செலியைக் கூட்டிக்கொண்டு மேடேறுவதை ஒலிம்பியா வாசலிலிருந்து பார்த்தாள். இப்போது வீடு கிளம்பும், பட்டணத்து ரோட்டில் கார்களுக்கு நடுவே போகும், போலீஸ் வரும் என்று கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். செலி வளைவைத் தாண்டி மறைந்தாள். வீடு கிளம்பவில்லை. களைத்துவிட்டதாக்கும் என்று நினைத்து ஒலிம்பியா இறங்கி, பிள்ளையின் பின்னால் ஓட நாலு எட்டு வைத்தாள். பின்னால் மணல் நெரியும் சத்தம் கேட்டது. நின்றாள். சத்தமும் நின்றது. பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்துப் பார்த்தாள். வீடும் பக்கவாட்டில் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது: இனி அதற்குச் சொந்தக்காரி அவள்தான். கட்டி இழுத்தபோது அசையாதது, பிள்ளை முன்னால் போக, அம்மா உள்ளே விளக்கோடு உட்கார்ந்துவர, கடலைக் கடந்து வந்துவிட்டது. ஒலிம்பியா அப்படியே மணலில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்தால் வீடும் எழும், மேடேறி அலுவலக வாசலை அடைக்கும், உள்ளதும் கெடும். பிள்ளை வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தனியாகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, ஒலிம்பியா கீழே கடற்கரையில் அசையாமல் உட்கார்ந்து, பாவாடை ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் மிஸ்டர் ப்ரோஸ்பர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். பிள்ளை தேறிவிட்டாள், வகுத்தலில் மீதியைச் சரியாக எழுதியிருக்கிறாள். முத்திரை வைத்த அனுமதி கையில் இருந்தது, இந்த முறை தற்காலிகம் அல்ல, பதினாறு வயது வரைக்கும். விலாசம் என்ற இடம் மட்டும் காலி. அவர் ஈர வீட்டைப் பார்த்தார், ஒலிம்பியாவைப் பார்த்தார், வந்த கடலையும் பார்த்தார். அந்தக் கடலைக் கடப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். "தாயாரிடம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒலிம்பியா அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். செலியின் ஐந்து வயதில் தொடங்கிய பயம் அன்றைக்குத்தான் இறங்கியது. இனி யாரும் பிள்ளையைத் தொட முடியாது.

செலி ஓடிவந்தாள். வாயெல்லாம் சிவப்பு, ஹிலாரியன் ஐஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். "மம்மா, நான் சந்தை வரைக்கும் போனேன்! ஒரு வளைவு, இன்னொரு வளைவு, அப்புறம் ஒரு பெரிய படிக்கட்டு! திரும்பித் திரும்பிப் பார்த்தேன், வீடு வரவே இல்ல!"

"ஆமாண்டா."

"இனிமே வராதா?"

"உன் பின்னாடி வராது."

செலி வீட்டைப் பார்த்தாள். போய்ச் சுவரில் கன்னத்தை ஒருமுறை வைத்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ பெரிய பொருள் கேட்கிறவள் போலக் கேட்டாள். "அப்ப நான் பள்ளிக்கூடம் போலாமா, மம்மா?"

ஒலிம்பியாவின் கையில் அனுமதி இன்னும் மடிக்கப்படாமல் இருந்தது. ஹிலாரியன் கடலைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "போலாம்" என்றாள் ஒலிம்பியா. தாளை நாலாக மடித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். "போலாண்டா." ஊருக்குத் திரும்பும்போது மூவரும் படகில் வந்தார்கள். பலகை ஊறி இடுக்கு அடைந்து, கடலும் பழகிவிட்ட வீடு காலியாகப் பின்னால் மிதந்து வந்தது. யாரும் அதில் தப்பித் தவறி ஏறி, அதற்குச் சொந்தக்காரராகிவிடக் கூடாது என்று ஹிலாரியன் துறையில் வைத்தே கதவைப் பூட்டிச் சாவியை ஒலிம்பியாவிடம் கொடுத்திருந்தார்.

செப்டம்பரில் செலி சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஒலிம்பியா அவளை வாய்க்கால் பாலம் வரைக்கும் கொண்டுவிடுகிறாள். அதற்கு மேல் போவதில்லை. போனால் பின்னால் வரும் வீடு சாப்பாட்டு வரிசையின் இடத்தை அடைத்துக்கொள்ளும், அட்மிஷன் அதற்கு இல்லை. முதல் மாதம் செலி பாலத்தைத் தாண்டியதும் திரும்பிக் கை அசைத்தாள். பிறகு கூட்டாளிகள் கிடைத்தார்கள், திரும்புவதை மறந்தாள். அது ஒலிம்பியாவுக்கு வலித்தது, தேறிய அன்றைவிடப் பெருமையாகவும் இருந்தது. பள்ளி மணி அடிக்கும்வரை அவள் பாலத்தில் நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் வீடு நிற்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கப்பலிலிருந்து வந்த புருஷன் துறையில் இறங்கியதும் வழக்கம்போல வீடு இன்றைக்கு எங்கே என்று விசாரித்தான். பாலத்தில் என்றார்கள், நேராக அங்கே போனான். மினிபஸ்காரர்கள் காலையில் அந்த இடத்தில் யாரும் கேட்காமலே நிறுத்துகிறார்கள். வீட்டின் நிழலில் நின்றால் வெயில் தெரிவதில்லை, மழை வந்தால் கூரை ஓரமாக ஒதுங்கிக்கொள்ளலாம்.